பேய் வருமுன் பத்து நிமிஷம்

பேய்ப்படங்களைப் பற்றித் தொழிலாளர் பத்திரிகை ஒன்றில் எழுத என்ன அவசியம் வந்தது என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கூலிப் பிரச்னை இருக்கிறது, காண்ட்ராக்ட் தொழிலாளர் பிரச்னை இருக்கிறது, ஏரிப் பாசனத் தகராறு இருக்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டுப் பேயா?

எதையும் விட்டுவிடவில்லை. மறைமலைநகரில் ஷிப்டு முடிந்து அறைக்குத் திரும்புகிற வாலிபர்கள் நாலைந்து பேர் ஒரு செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்து எந்தப் படத்தைப் பார்க்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். பாதி நாள் பேய்ப்படம்தான். நடவு முடித்து வந்த பெண்கள் டி.வி.க்கு முன்னால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்ப்பதும் அதைத்தான். நம் ஜனங்கள் எதைக் கண்டு சிரிக்கிறார்கள், யாரைக் கண்டு பயப்படுகிறார்கள் என்பது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயமா? யாரைக் கண்டு என்ற வார்த்தையை வேண்டுமென்றேதான் போட்டோம். அதன் காரணம் போகப் போகத் தெரியும்.

பேய் உண்டா இல்லையா என்ற வாதத்தில் நாம் இறங்கப் போவதில்லை. நம் ஊருக்குப் பெயர் தந்த மறைமலையடிகளே ‘மரணத்தின்பின் மனிதர்நிலை’ என்று ஒரு புத்தகம் எழுதியவர். அந்த வழக்கை நடத்த இந்தப் பக்கம் போதாது. நம் கேள்வி மிகச் சின்னது. எந்தப் பேய்ப்படத்திலும் முதல் பத்து நிமிஷத்தில் பேய் வருவதில்லை. ஆனால் நமக்குப் பயம் வந்துவிடுகிறது. பேய் வராமலே பயம் எங்கிருந்து வந்தது? யார் செய்தார்கள்? என்ன சரக்கை வைத்துச் செய்தார்கள்?

தமிழில் இந்தத் தொழிலை நன்றாகக் கற்றவர் எஸ். பாலசந்தர். வீணை வித்வானாக உலகம் அறிந்த அவர் 1954இல் ஏவி.எம். நிறுவனத்துக்காக ‘அந்த நாள்’ படத்தை டைரக்ட் செய்தார். பாட்டு கிடையாது, நடனம் கிடையாது. படம் தொடங்கியதும் துப்பாக்கி வெடிக்கிறது, கதாநாயகன் சிவாஜி கணேசன் செத்து விழுகிறார். சென்னையில் ஜப்பான் விமானம் குண்டு போட்ட 1943ஆம் வருஷத்துக் கதை. கொன்றது யார்? மனைவியா, தம்பியா, பக்கத்து வீட்டுக்காரரா? படம் முடிகிறவரை நாற்காலியின் நுனியில்தான் உட்கார வேண்டும். அதில் பேயும் இல்லை, மந்திரவாதியும் இல்லை. படித்தவன், வேலை பார்க்கிறவன், குடும்பத்தில் நல்ல பெயர் எடுத்தவன், இவர்களில் ஒருவன் தேசத்தைக் காட்டிக்கொடுக்க முடியும் என்பதுதான் பயம். இந்த வகைப் படத்தை நம்மவர்களால் எடுக்க முடியும் என்பதற்காக இதை முதலில் சொல்லி வைத்தோம். பிறகு வந்த பெரும்பாலோர் வேறு பாதையில் போய்விட்டார்கள்.

மழை, மாளிகை, கிழவன்

அந்த வேறு பாதையின் ஆரம்பம் பம்பாயில் இருக்கிறது. 1949இல் கமால் அம்ரோஹி எடுத்த ‘மஹல்’. புயலடிக்கும் இரவு. பாழடைந்த மாளிகையை வாங்கிய சீமான் முதல் தடவையாக உள்ளே நுழைகிறார். அந்த வீட்டின் பழைய கதையைச் சொல்லுகிறவன் ஒரு கிழட்டுத் தோட்டக்காரன். சுவரில் மாட்டிய படத்தில் இருப்பது தன் முகமாகவே இருக்கக் கண்டு சீமான் திடுக்கிடுகிறார். 1958இல் பிமல் ராய் எடுத்த ‘மதுமதி’யிலும் புயல், மண் சரிந்து அடைபட்ட பாதை, ஒதுங்க ஒரு பாழ் மாளிகை, அதில் ஒரு கிழட்டு வேலைக்காரன். ‘மதுமதி’யின் கதையை எழுதியவர் ரித்விக் கட்டக், இசை சலீல் சவுத்ரி. இருவருமே இந்திய மக்கள் நாடக மன்றத்தில் வளர்ந்தவர்கள். ஆகவே இது பிற்போக்குப் படம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட நாம் தயாரில்லை. மலை ஜாதிப் பெண்ணின் சாவுக்கு ஜமீன்தாரின் கொடுமையே காரணம் என்று சொன்ன படம் அது.

ஆனால் இந்த இரண்டு படங்களின் ஆரம்பமும் அதற்குப் பிறகு ஒரு அச்சாகிப் போயிற்று. கார் நின்றுபோகும், மழை கொட்டும், தூரத்தில் பங்களா தெரியும், கதவு கிறீச்சிடும், அரிக்கேன் விளக்கோடு ஒரு கிழவன் வருவான். எத்தனை படங்கள்! இந்தக் கிழவனைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் சினிமாக்காரர்கள் அவனை நிதானமாகப் பார்த்ததில்லை.

அவன் ஏன் பயங்கரமாகத் தெரிகிறான்? விளக்கு அவன் இடுப்புக்குக் கீழே இருக்கிறது. நாம் பிறந்தது முதல் மனித முகத்தின்மேல் வெளிச்சம் மேலிருந்து விழுவதையே பார்த்துப் பழகியவர்கள். சூரியன் மேலே, தெருவிளக்கு மேலே, வீட்டு பல்பு மேலே. வெளிச்சத்தைக் கீழிருந்து மேலே அடித்தால் மூக்கின் நிழல் நெற்றிக்கு ஏறுகிறது, கண் குழி வெள்ளையாகிறது. பெற்ற தாயின் முகத்தில் அப்படி அடித்தாலும் பயமாகத்தான் இருக்கும். நம்பாதவர்கள் இன்று ராத்திரி கண்ணாடி முன் நின்று செல்போன் டார்ச்சை மோவாய்க்குக் கீழே பிடித்துப் பார்க்கலாம். இவ்வளவுதான் சூத்திரம். அதற்குமேல் அவனுக்கு ஒரு கண்ணைப் பூப்பார்க்க வைத்தார்கள், காலை நொண்ட வைத்தார்கள், வெற்றிலைக் காவிப் பல்லைக் கொடுத்தார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நிற்கச் சொன்னார்கள்.

வாஸ்தவத்தில் பங்களாக் காவலாளி யார்? கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரிசையாக நிற்கும் பங்களாக்களில் போய்ப் பாருங்கள். சனி ஞாயிறு மட்டும் எஜமான் வருவார். மற்ற நாளெல்லாம் ஒரு காவலாளி, சில இடங்களில் அவன் பெண்சாதி பிள்ளைகளும், பின்கட்டு ஒற்றை அறையில். அவன்தான் நாய்க்குச் சோறு வைக்கிறான், தேங்காய் பொறுக்குகிறான், மோட்டார் போடுகிறான். தூக்கம் கெட்டுக் கண் சிவந்திருக்கும், உண்மைதான். பன்னிரண்டு மணி நேரம் நின்றால் யாருக்கும் சிவக்கும். இந்தப் பங்களாக்களில் சிலவற்றைத்தான் படப்பிடிப்புக்கும் வாடகைக்கு விடுகிறார்கள். அசல் காவலாளி கேட்டைத் திறந்து விடுகிறான். உள்ளே வேஷம் போட்ட காவலாளி ‘உள்ளே போகாதீங்க’ என்று முழிக்கிறான். படத்தில் முதலில் சாவதும் பெரும்பாலும் அவனே! வீட்டை வாங்கியவரின் குடும்பத்துக்கு ஆபத்து வருகிறது என்று நமக்கு உணர்த்த ஓர் உயிரைக் கொல்ல வேண்டும். மலிவான உயிர் அதுதான் என்று டைரக்டர் கணக்குப் போடுகிறார்.

வெள்ளைச் சேலை

1964இல் ராஜ் கோஸ்லா ‘வோ கோன் தீ’ என்ற ஹிந்திப் படம் எடுத்தார். அது 1966இல் ஜெய்சங்கர், ஜெயலலிதா நடிக்க ‘யார் நீ?’ என்று தமிழில் வந்தது. அந்த ஹிந்திப் படத்தின் ஆரம்பத்தை ஒரு பாடமாகவே சொல்லலாம். கொட்டும் மழையில் டாக்டர் கார் ஓட்டி வருகிறார். நடு ரோட்டில் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண். ஏற்றிக்கொள்கிறார். மழை துடைக்கும் வைப்பர் நின்றுவிடுகிறது. கண்ணாடி வழியே ரோடு தெரியவில்லை. ஆனால் அந்தப் பெண் வழி சொல்லிக்கொண்டே வருகிறாள்! இறங்கிய இடம் கல்லறைத் தோட்டம். கேட் தானாகத் திறக்கிறது.

வைப்பர் நின்றுபோவது என்ன பிரமாதம்? நம் கம்பெனி பஸ்ஸில் வாரம் ஒருமுறை நிற்கிறது. டிரைவர் இறங்கித் துணியால் துடைப்பார், அவ்வளவுதான். ஆனால் அதையே இருட்டில், பேச்சில்லாமல், சரியான தருணத்தில் வைத்தபோது ஹாலே மூச்சை அடக்கிற்று. இதுதான் நல்ல கைவேலை. தினம் பார்க்கிற சாமானை எடுத்து அதிலிருந்து பயத்தைக் கடைவது. இதை நாம் மனசாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் அந்த வெள்ளைச் சேலை? அது தினம் பார்க்கிற சாமான் அல்லவா என்றால், ஆமாம், அதனால்தான் வயிற்றெரிச்சல். நம் கிராமங்களில் வெள்ளைச் சேலை யார் கட்டினார்கள்? புருஷனை இழந்த பெண்கள். கட்டச் சொன்னது ஊர். எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று வீட்டுக்குள் திரும்பியதும் ஊர். கலியாணப் பந்தலில் மூலையில் நிற்க வைத்ததும் ஊர். அந்த இழிவு நம் நெஞ்சில் ஏற்கெனவே ஊறிக் கிடக்கிறது. சினிமாக்காரர் செய்தது ஒன்றுதான்: மின்விசிறியை வைத்து அந்தச் சேலையைப் பறக்கவிட்டார். மீதிப் பயத்தை நாமே வீட்டிலிருந்து கொண்டுபோனோம். அவர் காசு செலவழித்துச் செய்ய வேண்டிய பயத்தை நாம் இலவசமாகக் கொடுத்தோம்.

குடுகுடுப்பைக்காரரின் கதையும் இதேதான். வெட்டியானின் கதையும் இதேதான். குழந்தையில்லாத பெண்ணின் கதையும் இதேதான். தனியாக வாழ்கிற கிழவியைச் சொல்லவே வேண்டாம்.

காதுக்கு இமை கிடையாது

பயத்தில் பாதிக்குமேல் கண்ணால் வருவதில்லை, காதால் வருகிறது. கண்ணை மூடிக்கொள்ளலாம்; பேய்ப்படம் பார்க்கிறவர்களில் பாதிப்பேர் அதைத்தான் செய்கிறார்கள். காதுக்கு இமை கிடையாது. படமுதலாளிகளுக்கு இது நன்றாகத் தெரியும்.

‘மஹல்’ படத்தில் லதா மங்கேஷ்கர் பாடிய பாட்டு எங்கோ தூரத்திலிருந்து மெள்ள மெள்ள அருகில் வருவதுபோல இருக்கும். அந்தக் காலத்தில் அதற்குத் தனி யந்திரம் ஏதும் இல்லை. அறையின் மூலையில் நின்று தொடங்கி, பாடிக்கொண்டே மைக்கை நோக்கி அவர் நடந்து வந்தார் என்பது பிரசித்தமான செய்தி. பாடகியின் கால்நடையே தந்திரம்! 1960இல் வந்த ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வுக்குப் பெர்னார்ட் ஹெர்மன் தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்துக்கொண்டு இசையமைத்தார். முரசு கிடையாது, குழல் கிடையாது. பிடில் கம்பிகளை அறுக்கிறாற்போல இழுத்தார்கள், உலகமே நடுங்கிற்று.

இன்றைக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, தந்திரம் மட்டும் மாறவில்லை. முதலில் சத்தத்தைக் குறைப்பார்கள். சுவர்க் கடிகாரம், குழாய்ச் சொட்டு, மூச்சு. நாம் என்ன செய்கிறோம்? நன்றாகக் கேட்க வேண்டும் என்று காதைத் தீட்டிக்கொள்கிறோம். தீட்டிய காதில் டமாலென்று ஒரு சத்தத்தைப் போடுவார்கள். ஒரு பூனை ஓடும். பயந்தது பூனைக்கு அல்ல, சத்தத்துக்கு. நெசவு ஆலையில் இரைச்சலுக்கு நடுவே முப்பது வருஷம் நின்ற தோழருக்கு இந்த வித்தை பலிப்பதில்லை என்று நாம் கண்டிருக்கிறோம். அவருக்குக் காதே பாதி போய்விட்டது. அது வேறு கட்டுரை.

இன்னொன்று, தியேட்டரில் காதுக்கு எட்டாத அளவு அடித்தொண்டையில் ஓர் உறுமலை ஓடவிடுவார்கள். கேட்காது, நெஞ்சுக் கூட்டில் அதிரும். லாரி தூரத்தில் வருவதுபோல இருக்கும். செல்போனின் சின்ன ஸ்பீக்கரால் அந்தச் சத்தத்தைத் தர முடியாது. அதனால்தான் தியேட்டரில் நடுங்கிய படம் அறையில் சப்பென்று இருக்கிறது. வாசகத் தோழர்கள் ஒரு பரீட்சை செய்து பார்க்கலாம். எந்தப் பேய்ப்படத்தையும் எடுத்து முதல் பத்து நிமிஷத்தைச் சத்தத்தை அறவே அணைத்துவிட்டுப் பாருங்கள். ஒருவர் வீட்டுக்குள் நடக்கிறார், அவ்வளவுதான் தெரியும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேளுங்கள்.

இந்த ஊளை, இந்தக் கொலுசு, இந்தக் கதவுக் கிறீச்சு எல்லாம் யாரோ ஒரு தொழிலாளி ஒலிப்பதிவு அறைக்குள் உட்கார்ந்து துருப்பிடித்த கீலைத் திருகியும், தகரத்தை ஆட்டியும், தேங்காய் ஓட்டைத் தட்டியும் செய்தவை. மழையைப் பெய்வித்தவன் தண்ணி லாரிக்காரன். மின்னலை வெட்டியவன் லைட் தொழிலாளி. டைட்டிலில் அவர்கள் பெயர் ஓடுகிற வேகத்தில் நாம் எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாது.

காமிரா எங்கே நிற்கிறது என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஒன்றைத் தவிர. சாதாரணப் படத்தில் காமிரா கதாநாயகனுக்கு எதிரே நிற்கும். பேய்ப்படத்தில் அது அவனுக்குப் பின்னால் வரும். செடிக்குள்ளிருந்து பார்க்கும், மாடிப்படி இடுக்கிலிருந்து பார்க்கும், முதுகுக்குப் பின்னால் காலி இடம் விட்டு நிற்கும். அந்தக் காலி இடத்தில் எதையோ நாம் எதிர்பார்த்தபடி இருக்க வேண்டும். 1981இல் சாம் ரைமி என்ற அமெரிக்க வாலிபர் ‘ஈவில் டெட்’ படத்தைக் கையில் காசில்லாமல் எடுத்தபோது, காமிராவை ஒரு மரப்பலகையில் கட்டி இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக் காட்டுக்குள் ஓடினார்கள். தரையை ஒட்டிப் பறந்து வரும் அந்தப் பார்வை பேயின் பார்வை என்று ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள். பேயைக் காட்டவே இல்லை. நாமே பேயின் கண்ணாகிவிட்டோம்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. பேயின் கண் பெரும்பாலும் யாரைத் துரத்துகிறது? தனியாக நடந்து போகிற பெண்ணை. அவள் பின்னங்கழுத்தை, ஈரமான சேலையை. ஊர் கூடி உட்கார்ந்து அந்தக் கண்ணோடு சேர்ந்து அவள் பின்னால் போகிறோம். இதைப் பற்றி இரவு ஷிப்டு முடித்து ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கி உள்ளே நடக்கிற ஒரு சகோதரியிடம் பேசிக்கொண்டிருந்தோம். “அண்ணே, எனக்குப் பேய் பயம்லாம் கெடையாது. வெளக்கு எரியாத எடத்துல பின்னால பைக்கு ஒன்னு மெதுவா வருது பாருங்க, முன்னாலயும் போவாம நிக்கவும் நிக்காம, அதான் பயம்” என்றார். சினிமாக் காமிரா செய்வதும் அந்த பைக் செய்வதும் ஒரே வேலை. படம் எடுக்கிறவர்கள் இதை யோசித்ததுண்டா என்று தெரியவில்லை.

கடப்பாரைச் சத்தம்

தமிழ்ப்படத்தை மட்டும் குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். 1973இல் வந்து உலகத்தையே கலக்கிய ‘எக்ஸார்சிஸ்ட்’ அமெரிக்கப் படம். வில்லியம் பிரீட்கின் டைரக்ட் செய்தது. பேய் பிடிப்பது வாஷிங்டன் நகரத்துச் சிறுமிக்கு. ஆனால் படம் தொடங்குவது எங்கே? வடக்கு இராக்கில், பழைய நகரம் ஒன்றின் இடிபாட்டில். தொழுகைக்கு அழைக்கும் குரல் கேட்கிறது. கொளுத்தும் வெயிலில் ஏராளமான அரபுக் கூலியாட்கள் கடப்பாரையும் மண்வெட்டியுமாகத் தோண்டுகிறார்கள். அந்த அடிச் சத்தம் ஓங்கி ஓங்கி விழுகிறது. கடைத்தெருவில் கொல்லர்கள் இரும்பை அடிக்கிறார்கள். ஒருவனுக்கு ஒரு கண் வெளுத்திருக்கிறது. நாய்கள் சண்டையிடுகின்றன. கடைசியில் வெள்ளைக்காரப் பாதிரியார் ஒரு பூதச் சிலைக்கு எதிரே நிற்கிறார்.

அபாரமான கைவேலை, சந்தேகமில்லை. ஒரு கொலை இல்லை, ஓர் அலறல் இல்லை, வயிற்றைப் பிசைகிறது. ஆனால் என்ன சரக்கை வைத்துப் பிசைந்தார்கள் பாருங்கள். மண் வெட்டுகிற கூலிக்காரனின் கடப்பாரைச் சத்தம்! கொல்லன் சம்மட்டிச் சத்தம்! வேறு மதத்துக்காரனின் தொழுகை! உழைப்பு, ஏழ்மை, அன்னிய பாஷை, இவ்வளவும் சேர்ந்து சாத்தான் வருவதற்கு முன்னறிவிப்பு. மண் வெட்டிப் பிழைக்கிறவன் அந்தச் சத்தத்தைக் கேட்டு ஏன் பயப்பட வேண்டும்? அவன் காதுக்கு அது அன்றாடக் கூலி. பயப்படுகிற காது யாருடைய காது என்று படம் எடுத்தவர் முதலிலேயே முடிவு செய்துவிட்டார்.

இன்னும் ஒரு வேடிக்கை. அந்தச் சிலையின் பெயர் பசூசு. பண்டைய மெசபொடேமியாவில் அது காற்றின் பூதம். கர்ப்பிணிகளையும் பச்சைக் குழந்தைகளையும் தாக்க வரும் வேறொரு பூதத்தை விரட்டுவதற்காக அதன் உருவத்தைக் காவலாக வைத்துக்கொண்டார்கள். காவலுக்கு நின்றவன் படத்தில் குழந்தையைப் பிடிக்கிற சாத்தானாகிவிட்டான். நம் ஊர் எல்லையில் அரிவாளும் முறைத்த கண்ணுமாக நிற்கிற முனீஸ்வரனை நம் படங்களின் ஆரம்பத்தில் எப்படிக் காட்டுகிறார்கள் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்கவும். அறுவடைக் காலத்தில் களத்தில் படுத்துத் தூங்குகிறவனுக்கு அந்த உருவம் காவல். சினிமாவில் அதே கண்ணை அருகில் காட்டி உடுக்கையை அடித்தால் பயம். சாமி உண்டா இல்லையா என்பது வேறு பேச்சு. யாருடைய சாமியைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள் என்பதே கேள்வி. பெரிய கோயில் கோபுரத்தைக் காட்டிப் பயமுறுத்திய படத்தை நாம் பார்த்ததில்லை.

காட்டுவாசிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தீப்பந்தம், எலும்பு மாலை, புரியாத பாஷையில் கூச்சல், இதுதான் சினிமா காட்டுவாசி. நம் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருளர்கள் இருக்கிறார்கள். மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் 1978 முதல் அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நடக்கிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் இந்த நான்கையும் பிடித்து விஷம் எடுத்துக் கொடுப்பார்கள். அதிலிருந்துதான் விஷமுறிவு மருந்து தயாராகிறது. அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு பேருக்கு 2023இல் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. வயலில் பாம்பு கடித்து ஆஸ்பத்திரிக்குப் போய் உயிரோடு திரும்பிய விவசாயத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் அந்தக் கைகளோடு சம்பந்தம் உண்டு. அவர்களையா பேயின் கூட்டாளியாகக் காட்டுவது!

இதெல்லாம் வெறும் படம்தானே, தோழர், பார்த்துவிட்டுத் துடைத்துப் போட்டுவிட வேண்டியதுதானே என்று நம்மிடம் சொன்னவர்கள் உண்டு. அவர்களுக்கு நாம் ஏர்வாடியை நினைவூட்டுகிறோம். 2001ஆம் வருஷம் ஆகஸ்ட் 6ந் தேதி விடிவதற்கு முன் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. 28 பேர் செத்தார்கள். ஏன் ஓடவில்லை? காலில் சங்கிலி. பேய் பிடித்தவர்கள், பில்லி சூனியம் வைக்கப்பட்டவர்கள் என்று நம்பிக் குடும்பத்தார் அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் அவர்களில் இருந்தார்கள். பெரிய பணக்காரன் வீட்டுப் பிள்ளைகள் அல்ல. ஆஸ்பத்திரிச் செலவுக்கு வழியில்லாத, பக்கத்து டவுனில் மனநோய் டாக்டர் இல்லாத வீட்டுப் பிள்ளைகள்.

இருட்டறை, தலைவிரி கோலம், காலில் சங்கிலி, கலகலவென்று ஒரு சிரிப்பு. பேய்ப்பட ஆரம்பத்தில் இந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்? சங்கிலி சத்தம் கேட்டதும் ஹாலில் எல்லோரும் பயப்படுவது சங்கிலியில் கிடக்கிறவளைக் கண்டு. கட்டியவனைக் கண்டு அல்ல. சினிமாவால்தான் ஏர்வாடி வந்தது என்று நாம் சொல்லவில்லை. அந்த வழக்கம் சினிமாவுக்கு மூத்தது. ஆனால் ஒரு பெண் தூக்கமில்லாமல் தனக்குத்தானே பேசத் தொடங்கினால் டாக்டரிடம் போவதா, மந்திரிப்பவரிடம் போவதா என்று ஒரு குடிசையில் ராத்திரி பேசுகிறபோது, அவர்கள் பார்த்த படங்களும் அந்தப் பேச்சில் உட்கார்ந்திருக்கின்றன. 2017ஆம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. இந்தச் சட்டத்தை எந்தப் பேய்ப்படத்திலாவது ஒரு பாத்திரம் வாய்விட்டுச் சொன்னதாக நமக்கு நினைவில்லை.

காலி மனை

தமிழ்ப் பேய்களின் கதையைக் கடைசி வரை பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். பேய் ஏன் பேயாயிற்று? 1963இல் ஸ்ரீதர் எடுத்த ‘நெஞ்சம் மறப்பதில்லை’யில் ஜமீன்தார் மகன் ஏழைப் பெண்ணைக் காதலித்தான், ஜமீன்தார் பொறுக்கவில்லை. 2005இல் வந்த ‘சந்திரமுகி’யில் ராஜா ஒரு நாட்டியக்காரியை விரும்பினான், அவள் காதலனை வெட்டி அவளை உயிரோடு எரித்தான். 2007இல் வந்த ‘முனி’யில் குடிசைவாசிகளுக்காக நின்ற ஒருவனை அரசியல்வாதி கொன்றான். 2011இல் வந்த ‘காஞ்சனா’வில் ஆஸ்பத்திரி கட்ட வாங்கிய நிலத்தை எம்.எல்.ஏ. அபகரித்து, அந்தத் திருநங்கையையும் அவளைச் சேர்ந்தவர்களையும் கொன்று புதைத்தான். ஆக பேய்க்கதை என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் நில வழக்கு, கொலை வழக்கு. போலீஸும் கோர்ட்டும் எடுக்காத வழக்கு.

அப்படியானால் இந்தப் படங்கள் நம் பக்கம்தானே என்று சிலர் வாதிக்கிறார்கள். முழுக்கத் தள்ளக்கூடிய வாதமல்ல. பிற்பாதியில் ஜனங்கள் பேய்க்குக் கைதட்டுகிறார்கள். அந்தக் கைதட்டலில் நியாய உணர்ச்சி இருக்கிறது. ஆனால் முதல் பத்து நிமிஷத்தை நினைத்துப் பாருங்கள். ‘காஞ்சனா’வின் ஆரம்பத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆட ஒரு காலி மைதானத்துக்குப் போகிறார்கள். காற்று சுழல்கிறது, ஸ்டம்பில் ரத்தம் ஒட்டுகிறது. நாம் பயப்படுவது அந்த நிலத்தைக் கண்டு. அதற்குள் கிடக்கிறவர்களைக் கண்டு. அபகரித்தவனை நமக்கு இன்னும் அறிமுகமே செய்யவில்லை. முதலில் கொலையுண்டவரைக் கண்டு நடுங்க வைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து இரக்கப்படச் சொல்கிறார்கள். சிரிக்கவும் வைக்கிறார்கள், திருநங்கையின் நடையையும் குரலையும் வைத்துத்தான் அந்தச் சிரிப்பு. படம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன் மறுநாள் ரயிலில் ஒரு திருநங்கை கை நீட்டும்போது எந்தப் பாதியை ஞாபகம் வைத்திருப்பான்?

வேறு விதமாகவும் தொடங்கலாம் என்று செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். ‘யாவரும் நலம்’ (2009), விக்ரம் குமார் டைரக்ஷன், பி.சி. ஸ்ரீராம் காமிரா. பாழ் மாளிகை இல்லை, புது அடுக்குமாடி வீடு. கடன் வாங்கிக் குடிவந்த குடும்பம். பால் திரிகிறது, பூஜை அறைச் சுவரில் ஆணி இறங்கவில்லை, எல்லோருக்கும் ஓடுகிற லிப்ட் அவனுக்கு மட்டும் ஓடவில்லை. பளிச்சென்ற பகலிலேயே பயம்! எந்த ஏழை முகத்தையும் கோணலாக்காமல் செய்தார்கள். மிஷ்கினின் ‘பிசாசு’ (2014) தொடங்குவதே ரோட்டு விபத்தில். அடிபட்ட பெண் தன்னைத் தூக்க வந்தவனின் கையைப் பிடித்துக்கொண்டு உயிர் விடுகிறாள். அவளையே பிறகு பேயாகக் காண்கிறபோது அந்தக் கையை நாம் மறக்க முடிவதில்லை. ‘பீட்சா’ (2012) இன்னும் குறும்பு. பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கிற கூலிப் பையன் பங்களாவில் பேய்களைக் கண்ட கதையைச் சொல்லச் சொல்ல நாம் உறைந்துபோகிறோம். கடைசியில் பார்த்தால் முதலாளியின் வைரத்தை அமுக்க அவன் கட்டிய கதை அது! பயம் எப்படித் தயாராகிறது, யாரிடம் விற்பனையாகிறது என்பதையே கதையாக்கிவிட்டார் கார்த்திக் சுப்பராஜ்.

அடுத்தபடியாகப் பேய்ப்படம் எடுக்க நம் பக்கம் வருகிற டைரக்டருக்கு நாம் ஒரு ஆரம்பம் சொல்லலாமா? பங்களா வேண்டாம், மழை வேண்டாம். செங்கற்பட்டுப் பக்கத்தில் ஏதாவது ஒரு பத்திரப் பதிவு ஆபீஸ், பகல் பதினோரு மணி. பெஞ்சில் ஒரு கிழவி; வயல் வேலை செய்து காய்ந்த கை. பக்கத்தில் வெள்ளைச் சட்டை புரோக்கர் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்து ‘ஆயா, ஆயா’ என்று அன்பாகப் பேசுகிறான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கூட வந்த பேரனுக்குக் கொஞ்சம் படிக்கத் தெரியும், ஆனால் அவனை வெளியே ஜெராக்ஸ் எடுக்க அனுப்பிவிட்டார்கள். மேலே மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்கட்டும். புரோக்கர் அவள் பெருவிரலை மெள்ளப் பிடித்து மைப்பெட்டியில் அழுத்துகிறான். காமிரா அந்த விரலோடு போகட்டும், அவசரமில்லாமல், பத்திரத்தை நோக்கி.